பாஸ்கா இரவின் திராட்சை இரசம்

யூதர்களின் பாஸ்காப் பண்டிகை பெரிதும் வீட்டுப் பந்தியிலேயே நடைபெறுவது. நீசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கும் இரவில், எகிப்தின் அடிமைத்தளையினின்று தம் முன்னோர் விடுபட்ட வரலாற்றை அவர்கள் ஓதியும் உண்டும் பருகியும் நினைவுகூருவர். அவ்விரவில் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் திராட்சை இரசம் பருகுதல் வேண்டும். தருமத்தால் உயிர்வாழும் ஏழைக்கும் இந்நான்கில் ஒன்று குறையலாகாதென, ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா விதிக்கிறது.

புளித்த அப்பத்தை அந்நாட்களில் வீட்டிலும் வைத்திராதவர்கள் நொதித்த இரசத்தை எங்ஙனம் ஏற்பர் என்ற ஐயம் எழலாம். விலக்கு, கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐவகைத் தானியங்கள் நீரோடு கூடிப் புளித்தலுக்கே உரியது. திராட்சை தானியமன்று. ஆதலால் பியரும் விஸ்கியும் அப்பந்திக்கு வாரா. பாஸ்காவுக்கு உகந்ததென மேற்பார்வையிற் செய்யப்பட்ட திராட்சை இரசம் வரும்.

இவ்விரசத்தோடு பழங்களைச் சேர்த்துப் 'பஞ்ச்' செய்வாரும் உளர். அப்பெயரே ஐந்து எனப் பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து பிறந்ததென்பது பலர் கருத்து. எனினும், நான்கு கிண்ணங்களுக்குக் கலப்பற்ற இரசத்தை ஒதுக்கிவிடுதலே நன்று. பழச்சாறு மிகுந்து திராட்சையின் சுவை மறையுமாயின், கொடிமுந்திரியின் கனிக்காகச் சொல்லப்படும் ஆசிமொழிக்கு அது பொருந்தாது போய்விடும். பஞ்சுக்கு உரிய இடம் உணவு வேளை. உணவு இரண்டாம் கிண்ணத்துக்கும் மூன்றாம் கிண்ணத்துக்கும் இடையில் வருகிறது. அப்போது விரும்பியவர் மேலும் பருகலாம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் பருகலாகாதென மிஷ்னாவே கூறும்.

எண்மருக்கு ஒரு போத்தல் இனிப்பான சிவந்த இரசம் போதும். அதனுடன் இரண்டு கோப்பை தோடம்பழச் சாறும், இரண்டு தேசிக்காய்களின் புளியும் சேர்க்கப்படும். தோடம்பழம் இரண்டையும் அப்பிள் ஒன்றையும் மெல்லிய வில்லைகளாக அரிந்து, கறுவாத் துண்டொன்றும் கராம்பு நான்கும் உடன் இட்டு, மூடிக் குளிரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவிடுவர். இரசமே இனிப்பாதலால் சீனியைச் சுவைபார்த்தே இடவேண்டும். சோடாவைப் பரிமாறும் வேளையில் வார்த்தால்தான் நுரை நிற்கும். முன்னரே வார்ப்பது வீண். அப்பிளும் கறுவாவும் இரசமும் சேர்வது அப்பந்திக்குப் புதிதன்று. அடிமைகள் செங்கல்லுக்குக் குழைத்த களிமண்ணை நினைவூட்டும் ஹரோசெத் என்னும் இனிய கலவையிலும், ஐரோப்பிய யூதர் வழக்கில், இவையே சேரும். கசப்புக் கீரையையும் உப்பு நீரையும் உலர்ந்த புளியா அப்பத்தையும் உண்ட நாவுக்கு அவ்வினிமை இதமளிக்கும். சிறுவருக்கு இரசத்துக்குப் பதிலாக நொதியாத திராட்சைச் சாறு.

நிறத்துக்கும் ஒரு துயர வரலாறுண்டு. சிவந்த இரசமே இவ்விரவுக்குச் சிறந்ததென்பது மரபு. ஆனால் யூதர் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தைப் பாஸ்காவுக்குப் பயன்படுத்துகின்றனர் என்னும் கொடிய பொய்ப்பழி ஐரோப்பாவிற் பரவி, பல உயிர்களைக் குடித்தது. ஆகவே 17ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டு அறிஞர் தாவீது ஹலேவி சேகல், அப்பழி நிலவும் இடங்களிற் சிவந்த இரசத்தைத் தவிர்ப்பதே தக்கதென எழுதினார். வெண்ணிற இரசம் பந்திக்கு வந்தது சுவை கருதியன்று, அச்சம் கருதியே.

உணவின் முடிவில், ஒளித்து வைத்த அபிகோமன் என்னும் அப்பத்துண்டு உண்ணப்படும். அதன்பின் எஞ்சிய இரு கிண்ணங்களும் நீரும் தவிர வேறெதுவும் பருகும் வழக்கமில்லை. ஆகையால் பஞ்ச் வார்த்த பாத்திரம் அதற்கு முன்னரே மேசையினின்று எடுக்கப்பட்டுவிடும்.