பீட்டர் தங்கராஜ் (1935–2008), கோல்கீப்பர்

ஆத்தூரிலிருந்து காயல்பட்டினம், புன்னைக்காயல் பக்கம் சாயங்காலம் போனால், பிள்ளைகள் பந்து உதைக்காத திடலைப் பார்ப்பது அரிது. கோலுக்கு நிற்கச் சொன்னதும் முகம் வாடும் பிள்ளைகளுக்காகவே இந்தப் பலகை.

தங்கராஜும் செகந்திராபாதில் முன்கள ஆட்டக்காரராகத் தொடங்கியவர்தான். ராணுவத்தில் சேர்ந்த பிறகே கோல்கீப்பரானார். குன்னூருக்கு அருகே வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி அவர் காலத்தில் 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். டிசம்பர் 7 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இந்தியா பல்கேரியாவிடம் வெண்கலத்தை இழந்தது. 

அவருடைய பெரிய நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. காய்ச்சலிலிருந்து தேறி வந்த தங்கராஜ் வலை காத்தார். தலையில் தையலோடு ஜர்னைல் சிங் கோல் அடித்தார். தென் கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை. கோல் அடித்தவர்களின் பெயர்களோடு இவர் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.