திணறும் பிள்ளைக்கு ரோத்தான் எதற்கு?

'கொடு' என்று ஒரு தாளில் எழுதி ஏழு வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ககரம். பின்னால் நிற்கும் காலைக் கவனிக்காமல் விட்டால் 'கெடு' ஆகிவிடும்! நமக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்கு இது விடுகதை.

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் பக்கம் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, இதோடு ரோமன் எழுத்தையும் பிடித்தாக வேண்டும். அதிலும் 'சி' என்ற எழுத்து மலாயில் சகரம், ஆங்கிலத்தில் பல சொற்களில் ககரம். கொஞ்சம் திணறினால் வீட்டில் ரோத்தான் பிரம்பை எடுக்கிறோம். அடிவாங்கிய பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஒளிகிறது.

இங்கே தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட உண்டு. அது பலருக்கும் தெரியும். முதலாம் ஆண்டில் சேர வயதுதான் கணக்கு, வாசிப்புத் திறன் அல்ல என்பதுதான் தெரிவதில்லை. வாசிக்கத் தெரியாவிட்டால் சேர்க்கமாட்டார்களோ என்ற பயத்தில்தான் 'மூன்றே மாதத்தில் சரளமாகப் படிப்பான்' என்கிற விளம்பரங்களுக்குப் பணம் போகிறது.

எல்லாத் திணறலும் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு அல்ல. பார்வை மங்கலாக இருக்கலாம், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். முதலில் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கற்றல் குறைபாடு உறுதியானால் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குப் பதியலாம். கட்டாயமில்லை. கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேரும் மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. அட்டை எடுத்தால் முத்திரை விழுந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். 'மக்கு' என்ற பெயர் ஏற்கெனவே விழுந்திருக்குமே, அதைவிடவா இது?

ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவிடம் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. பத்து நிமிடம் போதும். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே திறக்கலாம். நீங்கள் வாசியுங்கள், பிள்ளை படத்தைப் பார்க்கட்டும். நடுவில் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள்.

நாளை பள்ளி வாசலில் வகுப்பாசிரியரைப் பார்த்தால், "எத்தனை மார்க்?" என்பதை விட்டுவிட்டு, "எந்த எழுத்தில் தடுமாறுகிறான், டீச்சர்?" என்று கேளுங்கள்.