கைக்கடக்கமான கமராவும் வன்னிக் குடும்பங்களும்

ஒரு பொருளை விற்பவர் கூறும் புகழுரை ஒரு வகை. அதனை வாங்கி ஐந்தாறு ஆண்டு வைத்திருந்தவர் கூறும் சொல் வேறொரு வகை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய விரும்பும் நேயர்கள் சட்டைப் பையில் அடங்கும் சிறிய டிஜிற்றல் கமராவை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட சிறப்புகளுட் பல, வைத்திருந்தோர் வாயில் ஒருமுறைகூட வருவதில்லை. விளம்பரம் பேசாதுவிட்ட சில செய்திகளோ அவர்கள் பேச்சின் முதலிலேயே வருகின்றன.

கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவில் உள்ள ஜெயபுரம் ஒரு விவசாயக் கிராமம். வன்னியின் ஏனைய ஊரவரைப் போலவே இவ்வூராரும் 2008ஆம் ஆண்டிலே போரினால் வீடு வாசல்களை விட்டு நீங்கிக் கிழக்கு நோக்கிச் சென்றனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் வவுனியா மாவட்டத்து முகாம்களிலே தங்கியிருந்து, பின்னரே ஊர் மீண்டனர். இடத்துக்கிடம் பெயர்ந்த அம்மாதங்களில் அரிசியும் பிள்ளைகளும் தறப்பாளும் கூட வந்தன. திருமணப் பட அல்பங்கள் வரவில்லை. வந்தவையும் மழையில் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக்கொண்டன. ஆகவே, மீள்குடியேறிய குடும்பங்களுட் பல, ஆட்கள் திரும்பி வந்தும் முகங்கள் இல்லாத வீடுகளாகவே முதலில் இருந்தன.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, உலகெங்கும் டிஜிற்றல் கமராக்கள் மிகுதியாக அனுப்பப்பட்ட ஆண்டு 2010. அவ்வாண்டில் அனுப்பப்பட்டவை 12 கோடிக்கும் அதிகம். அவற்றுட் பெரும்பாலானவை வில்லை கழற்ற இயலாத சிறிய கமராக்களே. அதே காலத்திற்றான் வன்னி மக்கள் ஊர் திரும்பினர். ஏ-9 வீதியும் திறந்தது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் வந்தனர். அவர்கள் கொணர்ந்த பொருள்களுள் சொக்லேற்றுக்கு அடுத்தபடி இச்சிறு கமராவும் ஒன்று.

இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கமராவில் வில்லையினூடே வந்த ஒளி படச்சுருளிலுள்ள வெள்ளி உப்பில் விழுந்து வடுப்பதித்தது. புதிய கமராவில் அவ்வொளி சிலிக்கன் தகடொன்றில் விழுகின்றது. அத்தகடு இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் தன்மீது விழுந்த ஒளிக்கேற்ப மின்னேற்றம் பெறும். அதன் அளவு எண்ணாக மாற்றப்பட்டு நினைவக அட்டையிற் பதியும். இத்தகைய தகட்டை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் போயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தனர். அதற்காக 2009இல் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டனர். 1975இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதற் கமரா, ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ளது. பதினாயிரம் புள்ளிகளாலான ஒரு படத்தை ஒலிப்பதிவு நாடாவில் எழுத அதற்கு 23 வினாடி சென்றது. எடுத்த படத்தைப் பின்புறத்துச் சிறு திரையிலேயே காட்டிய கசியோ கியூ.வீ.-10 என்னும் கமரா 1995இல் விற்பனைக்கு வந்தது. அந்தத் திரையே மக்களை வென்றது என்பது என் கருத்து.

ஜெயபுரத்திலும் அயலூர்களிலும் இக்கமராவை வைத்திருந்தோர் அதனைப் புகழும்போது முதலிற் சொல்வதும் இதுவே: எடுத்த உடனே பார்க்கலாம். பார்த்துப் பிழையெனின் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம். படச்சுருளிலே 36 படம். அவ்வளவும் முடியும்வரை பொறுத்திருந்து, கழுவுவதற்கு நகரத்து ஸ்ரூடியோவுக்குக் கொடுத்து, மீண்டும் சென்று பெற்றுக்கொள்ளும்போது, மாமா கண்ணை மூடியிருந்தார் என்பது தெரியவரும். அப்பொழுது மாமா வெளிநாடு போய்ச் சேர்ந்திருப்பார். ஆயிரம் படத்தை ஓர் அட்டையில் அடக்கி, ஒரு சதமும் செலவின்றி எடுக்க முடிந்தமை, பணம் எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்குச் சிறிய விடுதலை அன்று. வயதானோரும் பிள்ளைகளும் பயமின்றிக் கையாண்டனர் என்பதையும் பலர் சொல்வர். ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும்.

குறைகூறும்போது முதலிடம் மின்கலத்துக்கு. இதனை விளங்கிக்கொள்ள வன்னியின் முந்திய கதையைச் சற்று நினைவுகூர வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடையில் அவ்விடத்துக்குக் கொண்டுசெல்ல முடியாதிருந்த பொருள்களுள் ரோச் லைற்றுப் பற்றறியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம் அது. மீள்குடியேறிய முதலாண்டுகளிலும் பல வீடுகளுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. கமராவின் லித்தியம் பற்றறிக்கு மின்னேற்ற, மின்பிறப்பாக்கி உள்ள கடையைத் தேடிச் செல்லவேண்டும். கடையில் வாங்கும் சாதாரணப் பற்றறி இரண்டு போட்டால் இயங்கும் கமராக்களும் இருந்தன. ஆயினும் அவ்வகைப் பற்றறி பத்திருபது படத்துக்குள் சோர்ந்துவிடுகின்றது என்பது பொதுவான முறைப்பாடு. காரணம் இதுதான்: வில்லையை வெளித்தள்ளவும் பிளாஷை மின்னேற்றவும் கமரா ஒரே நொடியில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். மலிவான பற்றறியால் அவ்வேகத்திற் கொடுக்க இயலாது. அதனுள் மின்சாரம் மீதியிருந்தும் கமரா அதனை வெறுமை என்றே கொள்ளும். கமராவுக்கு உதவாத அதே பற்றறியைச் சுவர்க்கடிகாரத்திற் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். மீள மின்னேற்றத்தக்க நிக்கல் பற்றறிகளை வாங்கியோர் இவ்வகைக் கமராவையே உயர்வாகப் பேசுகின்றனர்.

அடுத்த குறை இரவுப் படங்களைப் பற்றியது. நம்முடைய விழாக்கள் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்வன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் செல்வோர் இச்சிறு கமராவால் எடுக்கும் படம், முன்வரிசையில் நிற்பவரின் வெளுத்த முதுகும் அதற்கப்பால் இருளுமாகவே பெரும்பாலும் அமையும். பிளாஷின் ஒளி மூன்று மீற்றருக்கு அப்பால் அவ்வளவாகச் செல்லாது. பிளாஷை நிறுத்தினாலோ படம் முழுதும் தவிடு தூவினாற்போல் மணிமணியாகத் தோன்றும். தகட்டின் சிறுமையே இதற்குக் காரணம். பொதுவான சிறு கமராவின் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமும் நாலரை மில்லிமீற்றர் உயரமும் உள்ளது. பழைய படச்சுருளின் ஒரு சட்டமோ 36க்கு 24 மில்லிமீற்றர். பரப்பிலே இது அதன் முப்பதில் ஒரு பங்குதான். மழைக்குச் சிரட்டையை வைத்தவனும் அண்டாவை வைத்தவனும் ஒரே அளவு நீர் பிடிக்க முடியாதல்லவா? ஒளியும் அவ்வாறே.

பொத்தானை அழுத்தியபின் சற்றுத் தாமதித்தே படம் பதிகின்றது என்பதும், ஓடும் பிள்ளை சட்டத்தை விட்டு வெளியேறிவிடுகின்றது என்பதும் தாய்மார் கூறும் குறை. கமரா தூரத்தை அளந்து வில்லையைக் கூராக்கும் நேரம் அது. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக் காத்திருந்து, வேண்டிய கணத்தில் முழுதும் அழுத்துவதால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். இச்சிறு வித்தையை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே கமராவைப் பற்றி நேர்மாறாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். புழுதி வேறொரு பகை. வயல் வரம்பிலும் கிரவல் வீதியிலும் புழங்கும் கமராவின் நீளும் வில்லைக் குழாயில் மணல் ஒன்று சிக்கினாற் போதும். வெளியே வந்த வில்லை உள்ளே போகாது. திருத்துகூலி பெரும்பாலும் கமராவின் விலையை நெருங்கும்.

இனி, விற்பவர் மிகுதியாகப் பேசும் மெகாபிக்சல் என்னும் அளவுக்கு வருவோம். பத்து இலட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். ஆறுக்கு நாலங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிடுவதற்கு 1800க்கு 1200, அதாவது ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளி வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த கனன் நிறுவனத்து முதல் டிஜிற்றல் இக்சஸ் கமராவே ஏறத்தாழ இவ்வளவைத் தந்தது. அதற்குமேல் அடுக்கப்பட்ட எண்கள் அல்பத்தில் ஒட்டும் படத்துக்குப் பெரிதும் தேவையற்றவை. அவ்வாறாயின் அவை வீணா? ஒரு வேளையில் வீண் அல்ல. அவ்வேளை வன்னியிற் பல குடும்பங்களுக்கு வந்தது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் ஒரு தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கே தாய்மார் மடியிலும் மார்பிலும் தாங்கியிருந்த படங்களைக் கூர்ந்து நோக்கியவர் ஒன்றை அறிந்திருப்பர். அவற்றுட் சில அடையாள அட்டைப் படங்களைப் பெருப்பித்தவை. சில, கலியாண வீட்டுக் கூட்டத்திலோ பாடசாலை வகுப்புப் படத்திலோ ஓரத்தில் நின்ற ஒரு முகத்தை வெட்டியெடுத்துப் பெருப்பித்தவை. அவர்கள் கையில் இருந்தது அவ்வளவே. நாலாயிரம் புள்ளி அகலமுள்ள 12 மெகாபிக்சல் படத்திலே ஒருவரின் முகம் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு எனின், அம்முகத்துக்குக் கிடைப்பது 200 புள்ளி. தெளிவாக அச்சிட்டால் முக்கால் அங்குலமும் வராது. அதனை ஓரடியாகப் பெருப்பித்தால் கண் ஒரு கறை, வாய் ஒரு கோடு. 2 மெகாபிக்சல் படமாயின் அம்முகத்துக்கு 80 புள்ளிதான்.

ஆகவே கூட்டமாக ஒரு படம் எடுத்தபின், ஒவ்வொருவரையும் அருகே சென்று பகல் வெளிச்சத்தில் தனித்தனியே ஒரு படம் எடுத்து வைத்தல் நன்று. அருகே செல்வதற்குப் பதிலாக டிஜிற்றல் சூம் என்பதைப் பயன்படுத்த வேண்டாம். வில்லை நீண்டு சுருங்கிக் காட்டும் சூம் உண்மையானது. டிஜிற்றல் சூமோ, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் கண்கட்டு. புதிதாக ஒரு புள்ளியையும் அது கொண்டுவருவதில்லை.

எடுத்த படத்தைக் காப்பதிலேதான் வைத்திருந்தோரின் மனவருத்தம் மிகுதி. பல குடும்பங்களில் நான்கைந்து ஆண்டுப் படங்கள் முழுவதும் ஒரே அட்டையில் இருந்தன. அட்டை ஒருநாள் பழுதானது. கமரா ‘அட்டை இல்லை’ என்றது. அல்பம் கறையான் அரித்தாலும் பாதிப் படமாவது மிஞ்சும். அட்டை கெட்டால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அட்டையில் உள்ளது மின்னேற்றமே ஆதலின், பழுதின்றிப் பெட்டியில் வைத்திருந்தாலும் அது நாளடைவிற் கசியும். பத்தாண்டு அளவையே உற்பத்தியாளர் பொதுவாகக் குறிப்பர். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையில் வீட்டோடு அல்பங்களையும் கொண்டுபோனதை அறிந்த நாம், ஒரே பிரதியை ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தைப் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. வெளிநாட்டு உறவினருக்கு ஒரு பிரதி அனுப்புதல் மிக எளிது. முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்திலே பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைத்தல் பழைய முறையே ஆயினும் அதனை விஞ்சிய முறை இன்னும் வரவில்லை. ஊர்ப் பொதுவாழ்வைக் காட்டும் படங்களாயின், 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணியல் வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்தாரையும் அணுகலாம்.

கமராவிலுள்ள திகதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பற்றறியைப் பல நாள் கழற்றி வைத்தால் உள்ளிருக்கும் மணிக்கூடு நின்று, தொடக்கத் திகதிக்குத் திரும்பிவிடும். 2011இல் எடுத்த படத்தின் மூலையில் 2007 என்று பதிந்திருக்கும். வன்னியில் 2007க்கும் 2011க்கும் இடையே நிகழ்ந்தவற்றை எண்ணினால், இப்பிழை எவ்வளவு பெரிய குழப்பத்தை உண்டாக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது கைத்தொலைபேசி இக்கமராவின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. முதற் டிஜிற்றல் கமராவை அமைத்த கொடாக் நிறுவனமே 2012 சனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்பு நாடியது. 2010இல் 12 கோடியைக் கடந்த ஏற்றுமதி 2023இல் 80 இலட்சத்துக்கும் குறைந்தது. எனினும், அண்மையாண்டுகளிலே மேல்நாட்டு இளைஞர் இப்பழைய சிறு கமராக்களை விரும்பி வாங்குகின்றனர். அவற்றின் கடும் பிளாஷும் சற்றே மங்கிய நிறமும் அவர்களுக்கு அழகாகத் தோன்றுகின்றனவாம். நாம் குறை என்று எண்ணியதை வேறொருவர் தேடி வாங்குவது வியப்பன்று. பழைய கிராமபோன் தட்டுக்கும் அதுவே நேர்ந்தது.

இதனால் நமக்கொரு பயனும் உண்டு. அலுமாரியில் கிடக்கும் பழைய கமராவை எடுத்துப் பாருங்கள். பற்றறி உப்பியிருந்தால் அதனை மின்னேற்ற முயலாமல் அகற்றிவிடுங்கள். பலவற்றுக்கு மாற்றுப் பற்றறி இன்றும் கிடைக்கும். உள்ளிருக்கும் அட்டை இன்று வழக்கிலுள்ள எஸ்.டி. வகையாயின் கவலையில்லை. ஒலிம்பஸ், பூஜி கமராக்களில் இருந்த எக்ஸ்.டி. வகையோ, பழைய சொனி கமராக்களின் மெமரி ஸ்ரிக் வகையோ ஆயின், அதனை வாசிக்கும் கருவி கடைகளில் அரிதாகி வருகின்றது. ஆகவே கமராவை எறியாமல், அதற்குரிய வடத்தையும் தேடியெடுத்து, கமரா இயங்கும் நிலையிலேயே கணினியோடு இணைத்துப் படங்களை முதலிற் பிரதிசெய்துகொள்ளுங்கள். படமெல்லாம் அழிக்கப்பட்டது என்று வீட்டார் சொன்ன அட்டையாயினும், அதில் வேறொன்றும் எழுதப்படாதிருந்தால், அழித்தவற்றிற் பலவற்றை மீட்டெடுக்கக்கூடிய இலவச மென்பொருள்கள் உள்ளன. அட்டையில் புதிதாக ஒரு படமும் எடுக்காமல் அதனை அப்படியே தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டுசெல்லுங்கள்.