ஆளே இல்லாத வீடு கதை சொல்லுமா? ‘ஸ்கைரிம்’ டஞ்சன்களின் டிசைன் ரகசியம்

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: ‘ஸ்கைரிம்’ கேமை இன்னும் விளையாடாதவர்கள் கவனிக்க!)

பனி கொட்டும் வடக்குக் கடற்கரை. அங்கே ஒரு கலங்கரை விளக்கம். கதவைத் திறந்தால் பேச ஆளே இல்லை. தரையில் ஒரு பெண்ணின் சடலம் கிடக்கிறது. அங்கிருக்கும் டைரியைப் புரட்டினால், கீழ் அறையிலிருந்து வந்த சத்தம் அவரைப் பயமுறுத்தியது தெரிகிறது. சரி, கீழே இறங்கிப் பார்த்தால்? சுவர் உடைந்து, பின்னால் ஒரு பெரிய குகை!

2011-ல் பெதஸ்தா நிறுவனம் வெளியிட்ட ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ கேமில் வரும் ஃப்ராஸ்ட்ஃப்ளோ கலங்கரை விளக்கம் இது. இங்கே என்ன நடந்தது என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சடலம், டைரி, உடைந்த சுவர் ஆகியவற்றை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். இப்படி இடமே கதை சொல்வதைத்தான் ‘என்விரான்மென்டல் ஸ்டோரிடெல்லிங்’ என்கிறார்கள்.

டஞ்சன் என்றால் என்ன?

ஃபேன்டஸி கேம்களில் வரும் குகை, கல்லறை, பாழடைந்த கோட்டை போன்ற இடங்களுக்குப் பொதுப்பெயர் டஞ்சன். உள்ளே போகணும், எதிரிகளைச் சமாளிக்கணும், புதையலோடு வெளியே வரணும்.

ஓபன் வேர்ல்டு கேம்களில் இவை நூற்றுக்கணக்கில் தேவை. ஒவ்வொன்றையும் புதிதாக வரைய நேரம் இருக்காது. அதனால் சுவர், தூண், படிக்கட்டு என்று துண்டு துண்டாகச் செய்து வைத்து, லெகோ போல மாற்றி மாற்றி அடுக்குவார்கள். இதற்கு ‘கிட்’ என்று பெயர்.

சிக்கலும் இங்கேதான். 2006-ல் வந்த முந்தைய பாகமான ‘ஆப்லிவியன்’ கேமில் டஞ்சன்களைப் பெரும்பாலும் ஒரே டிசைனர்தான் கவனித்துக்கொண்டார். ‘எல்லா குகையும் ஒரே மாதிரி இருக்கே’ என்று பிளேயர்கள் சலித்துக்கொண்டார்கள். ஸ்கைரிமில் அந்த வேலைக்கு எட்டு பேர். கிட் முறை மாறவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கிடைத்த கவனம்தான் மாறியது.

செத்தவன் சொல்லும் பாடம்

ஆரம்பத்திலேயே வரும் ப்ளீக் ஃபால்ஸ் பேரோ என்ற கல்லறையைப் பாருங்கள். சுழலும் மூன்று கல் தூண்கள். அவற்றில் விலங்கு உருவங்கள். ஒரு கொள்ளைக்காரன் அவசரப்பட்டு நெம்புகோலை இழுக்கிறான். பாய்ந்து வரும் அம்புகள் பட்டுச் சாகிறான். ‘யோசிக்காமல் இழுக்காதே’ என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை வேண்டுமா?

விடை சுவரிலேயே இருக்கிறது. மூன்று உருவங்களில் ஒன்று மட்டும் இடிந்து தரையில் விழுந்து கிடக்கும். சுற்றிப் பார்ப்பவர்களுக்குப் புதிர் ஈஸி. கடைசியில் வந்த வழியே திரும்பி நடக்கவும் வேண்டாம். இன்னொரு வழி நேராக வெளியே கொண்டுபோய் விடும். ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுபவரின் நேரத்துக்குத் தரும் மரியாதை இது.

கடைசியில் கிடைப்பது என்ன?

மறுபடியும் கலங்கரை விளக்கத்துக்கு வருவோம். குகையின் முடிவில் இருக்கும் பெரிய பூச்சியைக் கொன்றால், அதன் உடலுக்குள் அந்த வீட்டுத் தலைவர் ஹப்தின் எச்சங்கள் கிடைக்கும். தான் இறந்தால் விளக்கின் நெருப்பிலேயே எரிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. டைரியைப் படிக்காதவர் புதையலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். படித்தவர் படியேறி உச்சிக்குப் போய், எச்சங்களை நெருப்பில் வைப்பார்.

அதற்குப் பரிசாக, குணப்படுத்தும் மந்திரங்களின் பலன் 10 சதவீதம் கூடும். விளையாட்டுக் கணக்கில் சின்ன லாபம்தான். ஆனால், முன்பின் பார்த்தே இராத ஒருவரின் கடைசி ஆசையை நிறைவேற்றிய திருப்தி இருக்கிறதே, அதை எந்தப் புதையல் பெட்டியும் தராது.