புது நாடு, புது நாணயம்

தில்லியில் முனிர்கா என்ற இடம் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள கடைகளில் நாள் முழுவதும் சில்லறை கைமாறுகிறது. எல்லோரும் அதை எண்ணுகிறார்கள். உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு.

நாணயத்திலும் எழுத்து உண்டு. அதையும் படிக்கலாம்.

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். நாட்டின் பெயர் இருக்கும். மதிப்பு இருக்கும். ஆண்டு இருக்கும். ஆண்டுக்குக் கீழே சின்னக் குறி ஒன்று இருக்கலாம். அது எந்த ஊரில் அடித்த நாணயம் என்று சொல்லும். புள்ளி இருந்தால் நொய்டா. வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். குறியே இல்லை என்றால் கொல்கத்தா. நொய்டா, தில்லியை அடுத்த ஊர். அங்கே 1988 முதல் நாணயம் அடிக்கிறார்கள்.

நமது நாடு 1947இல் விடுதலை பெற்றது. ஆனால் ராஜா தலை போட்ட காசுதான் அப்போதும் புழங்கியது. 1950 ஆகஸ்டு 15இல் புது நாணயம் வந்தது. ராஜா தலை போய்ச் சிங்க முத்திரை வந்தது. ஒரு பைசாவில் குதிரை, அணாவில் காளை, ரூபாயில் கதிர் இருந்தன.

அப்போது 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் 100 பைசா ஒரு ரூபாய் ஆனது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க, அதை ‘நயா பைசா’ என்றார்கள். ‘நயா’ என்றால் இந்தியில் ‘புதிய’ என்று பொருள். 1964இல் ‘நயா’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். ஐரோப்பாவில் பால்கன் பகுதியில் குரோஷியா என்ற நாடு இருக்கிறது. அது 1991இல் தனி நாடானது. 1994இல் ‘கூனா’ என்ற பணத்தைக் கொண்டுவந்தது. கூனா என்பது கீரி போன்ற ஒரு விலங்கு. முற்காலத்தில் அதன் தோலை அங்கே வரியாகக் கொடுத்தார்கள்.

குரோஷிய நாணயங்களில் செடிகள், விலங்குகளின் படமும் பெயரும் இருக்கும். ஒற்றைப்படை ஆண்டு என்றால் பெயர் குரோஷிய மொழியில் இருக்கும். இரட்டைப்படை ஆண்டு என்றால் லத்தீன் மொழியில் இருக்கும். நாணயம் சேர்ப்பவர்கள் இரண்டையும் தேடுகிறார்கள். 2023இல் அந்த நாடு யூரோவுக்கு மாறியது. இப்போது கூனா புழக்கத்தில் இல்லை.

நீங்களும் நாணயம் சேர்க்கலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆண்டு வாரியாக, ஊர் வாரியாகப் பிரியுங்கள். தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் விவரம் எழுதுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நாணயத்தின் மதிப்பு குறையும்.

ஒன்றில் கவனம் தேவை. ‘பழைய நாணயத்துக்குப் பல லட்சம் தருகிறோம்’ என்று கைப்பேசியில் விளம்பரம் வரும். பிறகு, ‘முதலில் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்’ என்பார்கள். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி இந்த வேலை செய்வதில்லை. இதற்காக யாரையும் நியமிக்கவும் இல்லை. இதை அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. எனவே பணம் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

அரிய நாணயத்துக்கு நல்ல விலை உண்டு. ஆனால் பழைய நாணயம் எல்லாம் அரிய நாணயம் அல்ல. வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்பவரிடம் முன்பணம் கேட்டால் அது மோசடி.