மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால்

இரவில் உறைமோர் ஊற்றி வைத்த பால் விடிந்த பின்னும் உறையாவிட்டால், உறைமோரையே குறை கூறுவது வழக்கம். ஆனால் அந்த வாரம் மடிநோய்க்காக மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால், பாலில் இறங்கிய மருந்தும் அதற்குக் காரணமாகலாம். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாக்களே. நோய்க் கிருமியை அழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்து இவற்றையும் தாக்குகிறது.

மருந்துகள் வேலை செய்யும் விதம்

1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சாணம் ஒன்றிலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்தார். 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. இன்று பல வகை மருந்துகள் உள்ளன. பெனிசிலின், ஆம்பிசிலின், செஃப்ட்ரையாக்சோன் ஆகியவை கிருமியின் மேற்சுவர் உருவாகாதபடி தடுக்கின்றன. சுவர் பலமிழந்த கிருமி வெடித்து மடிகிறது. ஜென்டாமைசின், ஆக்சிடெட்ராசைக்ளின் ஆகியவை கிருமி புரதம் தயாரிப்பதைக் குலைக்கின்றன. செயற்கை முறையில் தயாரிக்கப்படும் என்ரோஃப்ளாக்சசின், கிருமியின் மரபுப்பொருள் பெருகுவதைத் தடுக்கிறது.

மடிநோயை உண்டாக்கும் கிருமிகளும் பலவகை. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளில் சில, பெனிசிலினையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்ட மருந்து நம் மாட்டுக்கும் கேட்கும் என்று நம்பி, தாமாகவே வாங்கிப் போடக்கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி, இயன்றால் மருந்து தொடங்கும் முன்பே பாலைப் பரிசோதனைக்கு அனுப்புதல் நலம். கோமாரி போன்ற வைரஸ் நோய்களை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது; புண்ணில் பாக்டீரியா சேர்ந்தால் மட்டுமே அது உதவும்.

வீக்கம் வடிந்துவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்துவதும் தவறு. எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகி நோயைத் திருப்பிக் கொண்டுவரும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் மாட்டிலிருந்து மனிதருக்கும் பரவக்கூடும்.

பாலை என்ன செய்வது?

ஒரே காம்பில் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து உறையில் அது குறிக்கப்பட்டிருக்கும். உரிய ஆய்வின் மூலம் காலம் வரையறுக்கப்படாத மருந்துகளுக்குப் பால் ஒதுக்கும் காலம் 7 நாட்களுக்குக் குறையக்கூடாது என்று 2012இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஒதுக்கிய பாலைச் சங்கத்துப் பாலுடன் கலக்கவோ கன்றுக்கு ஊட்டவோ கூடாது. காய்ச்சினாலும் மருந்து முழுவதும் அழியாது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு இப்பால் தீங்கு செய்யலாம்.

ஒரு வாரப் பால் காசு போவது சிறு குடும்பத்துக்குப் பெரிய இழப்புதான். அதைத் தவிர்க்கும் வழி நோயைத் தடுப்பதே. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைக்கவும். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக உள்ளதா எனப் பார்க்கவும். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்கவும். கறந்ததும் தீவனம் வைத்து அரைமணி நேரம் மாட்டை நிற்க வைத்தால் காம்புத் துளை மூடிக்கொள்ளும்; தரையிலுள்ள கிருமி எளிதில் உள்ளே புகாது.