சின்னப் பல்சக்கரமும் நார்ஃபோக் சாலைகளும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் முதன்முறையாகச் சைக்கிளில் ஒரு வாரம் சுற்றிவர நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?" என்றுதான். விவரம் தெரிந்த சைக்கிள்காரர் பதில் சொல்லுமுன் ஒன்றைத் திருப்பிக் கேட்பார்: "உங்கள் வண்டியின் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல்?" விடுமுறை இனிப்பதும் கசப்பதும் கால் பலத்தைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பொறுத்தது.

இங்கிலாந்தில் பெரிய மலைகள் கிடையாது. மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். ஆனால் அங்குள்ள கிராமச் சாலைகள் பல, பழைய வண்டித்தடங்களின் மேல் போட்டவை. வளைந்து வளைந்து ஏறும் பொறுமை அவற்றுக்கு இல்லை. பள்ளத்தில் ஓடையைக் கடந்ததும் நேராகக் குன்றின் தலையைப் பார்த்து ஏறிவிடும். டெவன், கார்ன்வால் பக்கம் போனால் நாள் முழுக்க இதே கதை. குட்டை மேடுதான், ஆனால் செங்குத்து.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிள், மூட்டை, ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 100 கிலோ. சாலை 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்கிறது. அதில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறப் புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே 400 வாட்டுக்கு மேல் வேண்டும். பந்தய வீரருக்கே அது கடுமையான உழைப்பு. பயிற்சி இல்லாத சாதாரண மனிதரால் மணிக்கணக்கில் தர முடிவது 100 வாட்டை ஒட்டித்தான். வேகத்தை மணிக்கு 5 கி.மீ. ஆகக் குறைத்தால் தேவை 136 வாட்டுக்கு இறங்கிவிடும். மூச்சு வாங்கும், ஆனால் சில நிமிடங்கள் தாங்கலாம். ஆக, மேட்டில் மெதுவாகப் போகத் தெரியவேண்டும்.

சாதாரண வண்டியில் மெதுவாகவும் போக முடியாது என்பதுதான் சிக்கல். முன்னால் 46 பல், பின்னால் 18 பல் என்றால் மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். நம் மேட்டில் அந்த ஒரு சுற்றுக்கு மிதியின் மேல் சராசரியாக 50 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் அழுத்தி எந்தப் பயனும் இல்லை. அந்தக் குறையையும் நடுவில் ஈடுகட்ட வேண்டும் என்பதால் முழு உடலையும் தூக்கிப் போட்டு எக்கி எக்கி மிதிக்க நேர்கிறது. இப்போது முன்னால் 26 பல், பின்னால் 34 பல்லுக்குச் செயினை மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு வண்டி 1.6 மீட்டர்தான் நகரும். அழுத்தம் 15 கிலோவாகக் குறையும். உட்கார்ந்தபடியே, நிமிடத்துக்கு ஐம்பது அறுபது சுற்று மிதித்து, நடைவேகத்தில் ஏறிவிடலாம். செய்யும் வேலையின் அளவு மாறவில்லை. அதைச் சின்னச் சின்னத் தவணையாகக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

டூரிங் சைக்கிள் என்ற வகை இந்தத் தவணைக் கணக்குக்காகவே செய்யப்பட்டது. பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலத் தெரிந்தாலும் உடல் அமைப்பு வேறு. பின்சக்கரம் சற்றுத் தள்ளி இருக்கும். கேரியரின் இரு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டால் குதிகால் அவற்றில் இடிக்கக் கூடாதே! பாரம் தாழ்வாக, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தொங்குவதால் வண்டி ஆடாது. முதுகில் பை மாட்டிக்கொண்டு கிளம்புவதைவிட மோசமான யோசனை வேறில்லை. முதல் நாள் மாலையே தோளும் இடுப்பும் அதைச் சொல்லிவிடும். பந்தய வண்டியில் ஸ்போக்ஸ் குறைவு, இதில் பெரும்பாலும் 36. டயர் 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலம். மட்கார்டு கட்டாயம். இங்கிலாந்தில் மழை நின்ற பிறகும் சாலை நனைந்தே கிடக்கும்.

கியர் இல்லாத காலத்திலும் ஊர் சுற்றியவர்கள் இருந்தார்கள். சைக்கிள் சுற்றுலாக்காரர்களின் சங்கம் யார்க்ஷயரின் ஹாரோகேட் நகரில் 1878-இல் தொடங்கியது. இன்றைக்கும் அது சைக்ளிங் யுகே என்ற பெயரில் இயங்குகிறது. அப்போது ஓடியது முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும் வண்டி. மேட்டில் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்தார்கள். செங்குத்தான இறக்கங்களின் தலையில் எச்சரிக்கைப் பலகை நட்டவர்களில் இந்தச் சங்கத்தாரும் உண்டு. இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், செயின் வைத்த வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி கவென்ட்ரியில் 1885-இல் கொண்டுவந்தார். காற்றடைத்த டயருக்கு டன்லப் 1888-இல் காப்புரிமை பெற்றார். பர்மிங்காம் நகரத்துப் பெயர்களான ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வழியே நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. ஒற்றைக் கியர் கொண்ட அந்த வகை வண்டி சமவெளிக்கு அருமை. டெவனுக்கு ஆகாது.

வண்டிக்கு அடுத்தபடியாக முக்கியமானது வரைபடம். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:50,000 அளவு வரைபடத்தை வாசிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. கோடுகள் நெருங்கி நெருங்கி உங்கள் சாலையைக் குறுக்கே வெட்டினால் மேடு என்று அர்த்தம். சாலையின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் சரிவு 14 சதவீதத்துக்கு மேல். இரண்டு இருந்தால் 20-க்கு மேல். அம்பின் முனை இறக்கத்தைக் காட்டும். மஞ்சள் நிறச் சாலைகள்தான் உங்களுக்கானவை. 'ஏ' என்ற எழுத்தோடு எண் போட்ட பெருஞ்சாலைகளை முடிந்தவரை தவிருங்கள். மஞ்சள் சாலையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஊருக்கு வெளியே வேகவரம்புப் பலகை வேறாகச் சொல்லாவிட்டால் ஒரு கார் சட்டப்படி மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கி.மீ. வேகத்தில் வரலாம். இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி மறைக்கும் வளைவுகளில் காதைத் தீட்டி வைத்திருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது நமக்கு வசதி.

சரி, முதல் பயணத்துக்கு எங்கே போவது? நான் நார்ஃபோக் என்பேன். கிழக்குக் கரையில் உள்ள இந்த மாவட்டத்தின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. நாட்டிலேயே மழை குறைவான பகுதிகளில் ஒன்று. லண்டனிலிருந்து கிங்ஸ் லின்னுக்கும் நாரிச்சுக்கும் நேரடி ரயில் உண்டு. இரண்டு ஊரையும் இணைக்கும் தேசிய சைக்கிள் பாதை எண் 1, ஃபேக்கன்ஹாம், ரீப்பம் வழியாகப் போகிறது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண்ணைப் பார்த்துக்கொண்டே போகலாம். பக்கவாட்டில் வடகரைக்கு விலகினால் ஹோல்க்கம் கடற்கரை, உப்புச் சதுப்புகள், சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய வீடுகள், கடற்படைத் தளபதி நெல்சன் 1758-இல் பிறந்த பர்னம் தார்ப். வட்டக் கோபுரம் வைத்த பழைய தேவாலயங்கள் இங்கிருப்பதுபோல் இங்கிலாந்தில் வேறெங்கும் இவ்வளவு கிடையாது.

கடைசிக் கட்டத்தில் மேரியட்ஸ் வே என்ற பாதை வரும். ரயில் நின்றுபோன தடம் அது. ரயில் பாதைகளைக் குறைக்கச் சொல்லி 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கைக்கு முன்னும் பின்னும் நாடெங்கும் பல கிளைப் பாதைகள் மூடப்பட்டன. அப்படிக் கைவிடப்பட்ட தடங்கள் பல பின்னாளில் சைக்கிள் பாதைகளாயின. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால் ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அந்தக் காலப் பொறியாளர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் சரிவை மட்டுப்படுத்தினார்கள். அவர்கள் நீராவி எஞ்சினுக்காகப் பட்ட பாட்டின் பலன் இன்று நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

மேடு இல்லாத ஊரில் காற்று மிச்சம். அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் எதிர்காற்றில் அவசரப்படுவது வீண். அங்கேயும் கியரைக் குறையுங்கள். லின்னில் தொடங்கி நாரிச்சில் முடித்தால் பெரும்பாலான நாள் காற்று முதுகைத் தள்ளும்.

மே, ஜூன் நல்ல மாதங்கள். ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். பள்ளிக் கோடை விடுமுறைக் கூட்டம் இராது. இன்னொரு லாபமும் உண்டு: பறவைகள் கூடுகட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை விவசாயிகள் புதர்வேலிகளை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. செப்டம்பரில் வெட்டத் தொடங்கியதும் முள் சாலையெங்கும் சிதறும், பஞ்சரும் தொடரும். எந்த மாதமானாலும் இரண்டு ட்யூப், ஒட்டுத்துண்டுகள், பம்ப் இல்லாமல் கிளம்பாதீர்கள். மூலைக்கு மூலை பஞ்சர் கடை அங்கே கிடையாது. மதிய உணவு நேரம் தாண்டினால் பல கிராமப் பப்களில் சமையலறை மாலைவரை மூடியிருக்கும். பையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நாளுக்கு நாற்பது, மிஞ்சினால் ஐம்பது. மூட்டையோடு, தேநீர்க் கடையில் நிற்க, தேவாலயத்துக்குள் எட்டிப்பார்க்க, வழி தவற என எல்லாவற்றுக்கும் இடம்விட்டு இதுவே போதும். முழங்கால் நம்பிக்கை தராதவர்கள் மோட்டார் உதவும் சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம். 250 வாட் மோட்டாருக்கு அங்கே உரிமம் தேவையில்லை. தொலைதூர ரயில்கள் பலவற்றில் சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும், இடமும் கொஞ்சம்தான். அறையைப் பதிவு செய்வதற்கு முன் சைக்கிளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.